இளம் பரோலோ ஏன் இப்படித் துவர்க்கிறது, எந்தச் சாப்பாட்டோடு அது சேரும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். துரின் நகரில் வேலை செய்கிறீர்கள். உடன் வேலை பார்ப்பவர் 2019ஆம் ஆண்டு விளைச்சலின் பரோலோ என்ற இத்தாலியச் சிவப்பு ஒயின் இரண்டு பாட்டில் பரிசளித்தார். ஒன்றை வீட்டில் மிளகாய் தூக்கலாகச் செய்த ஆட்டுக்கறி வறுவலோடு திறந்தீர்கள். நிறம் வெளிறி, ஓரத்தில் செங்கல் சாயலோடு இருந்தது. இரண்டு வாய் குடித்ததும் ஈறும் நாக்கும் காய்ந்து இழுத்துப் பிடித்தன, தொண்டை எரிந்தது. பாட்டில் கெட்டுப்போயிருந்ததா, மீதமுள்ளதை எந்தச் சாப்பாட்டோடு திறப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். "எல்லோரும் கொண்டாடும் ஒயின் எனக்கு ஏன் பிடிக்கவில்லை" என்ற கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். உணவகங்களில் ஒயின் பரிமாறுவதே என் தொழில். துரினும் பரோலோவும் இருக்கும் பீட்மான்ட் பகுதியின் ஒயின்களோடுதான் அதிகம் பழகியிருக்கிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நீங்கள் விவரித்த எதுவும் கெட்டுப்போனதன் அறிகுறி இல்லை. கெட்ட ஒயினை மூக்குதான் காட்டிக்கொடுக்கும். தக்கையில் டிசிஏ என்ற வேதிப்பொருள் இருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி, பூட்டிக்கிடந்த நிலவறை போன்ற வாடை வரும், பழ மணம் செத்துப்போயிருக்கும். காற்றுப்பட்டுக் கெட்டிருந்தால் வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிள் வாடை வரும். புளித்திருந்தால் காடி நெடியும், நகப்பூச்சு நீக்கியின் நெடியும் வரும். மணத்தைப் பற்றி நீங்கள் குறையாக எதுவும் எழுதவில்லை. மிக மெல்லிய தக்கை வாடை பழகியவர்களுக்கே சில சமயம் தப்பிவிடும் என்பதால், பாட்டிலை முகர்ந்து பார்க்காமல் நூறு சதவீதம் உறுதி சொல்ல முடியாது. ஆனால் வெளிறிய நிறமும் கடுந்துவர்ப்பும் இந்த ஒயினின் பிறவிக்குணங்கள்.

நிறத்தை முதலில் முடித்துவிடலாம். பரோலோ முழுக்க முழுக்க நெபியோலோ என்ற ஒரே திராட்சையிலிருந்து வருவது. பெரும்பாலான சிவப்புத் திராட்சைகளின் தோலில் மால்விடின் என்ற நிலையான நிறமி மிகுந்திருக்கும். நெபியோலோவில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைந்து மங்கிவிடும் பியோனிடின், சயனிடின் வகைகளின் பங்கு அதிகம். அதனால்தான் இளம் வயதிலேயே மாதுளைச் சிவப்பாகவும், ஐந்தாறு வருடத்தில் ஓரங்களில் ஆரஞ்சு கலந்தும் தெரிகிறது. வெளிறியது என்றால் நீர்த்தது என்று கண் முடிவெடுத்துவிடும். 2001இல் பிரான்சின் போர்தோவில் நடந்த ஓர் ஆய்வில், ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்குச் சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதன் மணத்தை விவரித்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் மூக்கையே கண் இழுத்துக்கொண்டு போகிறது. நெபியோலோவை நிறத்தை வைத்து எடைபோடக் கூடாது.

இனி துவர்ப்பு. ஆல்பா ஊருக்குத் தென்மேற்கே லாங்கே குன்றுகளில், பரோலோ, லா மோர்ரா, செர்ரலுங்கா, மொன்ஃபோர்த்தே உட்படப் பதினொரு ஊர்களின் எல்லைக்குள் விளைந்த நெபியோலோவுக்கு மட்டுமே பரோலோ என்ற பெயர் உரியது. இந்தக் கொடி வசந்தத்தில் முந்தித் துளிர்க்கும், ஆனால் பழுப்பதில் கடைசி. பெரும்பாலும் அக்டோபரில்தான் அறுவடை. அதனால் தெற்கும் தென்மேற்கும் பார்த்த நல்ல சரிவுகளை இதற்கென்றே ஒதுக்குவார்கள். தோலிலும் விதையிலும் துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் மிகுதி, புளிப்பும் மிகுதி, ஆல்கஹால் 14 சதவீதத்தை ஒட்டி அல்லது அதற்கு மேல். இந்த மூன்றும் ஒன்றாக உயர்ந்து நிற்கும் திராட்சைகள் குறைவு. அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரத்தில், வைத்திருந்த பிறகே விற்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. லேபிளில் ரிசெர்வா என்று போட்டிருந்தால் 62 மாதம். உங்கள் 2019 பரோலோ 2023க்கு முன் கடைக்கு வந்திருக்க முடியாது. அத்தனை காலம் காத்த பிறகும் அது இளசுதான். 2019 கட்டுக்கோப்பான, நீண்ட ஆயுளுள்ள விளைச்சல் என்று பரவலாக மதிக்கப்படும் ஆண்டு. மென்மையை எதிர்பார்த்துத் திறக்கும் ஆண்டு அதுவல்ல.

இந்தத் துவர்ப்பால் வாய் காய்ந்தவர் நீங்கள் மட்டுமல்ல. 1980களில் லாங்கேயின் குடும்பங்களுக்குள்ளேயே இதை வைத்துச் சண்டை நடந்தது. தாத்தா காலத்து முறையில் தோலோடு ஒரு மாதமோ அதற்கு மேலோ ஊறவைத்து, பிறகு ஸ்லாவோனிய ஓக் மரத்தாலான பெரிய பீப்பாய்களில் பல வருடம் வைப்பார்கள். உலகச் சந்தை அவ்வளவு நாள் காத்திருக்காது என்று இளைய தலைமுறை ஊறலைச் சில நாள்களாகச் சுருக்கியது, பிரான்சின் சிறிய புது பாரிக் பீப்பாய்களைக் கொண்டுவந்தது. அந்த இளைய தலைமுறையின் ஒயின் தயாரிப்பாளர் எலியோ அல்தாரே தன் தந்தையின் பழைய பீப்பாய்களைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்துப்போட்ட கதை அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். மறுபக்கம் பழைய முறையை விடாத தயாரிப்பாளர் பார்த்தோலோ மஸ்கரெல்லோ, இத்தாலிய அரசியல்வாதி பெர்லுஸ்கோனியையும் சேர்த்து, "பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்" என்று தன் கையால் எழுதி வரைந்த லேபிளை பாட்டிலில் ஒட்டினார். இன்று இரு தரப்பும் நடுவே வந்துவிட்டார்கள். பெரிய பீப்பாய் திரும்பியிருக்கிறது, தூய்மையும் நுணுக்கமும் கூடியிருக்கின்றன. எனக்குப் பழைய வழியில் செய்ததே பிடிக்கும். புது ஓக்கின் வனில்லா மணம் நெபியோலோவின் ரோஜா மணத்தை மூடிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இது என் ரசனை, விதி இல்லை.

சுவைக்கும் முறைக்கு வருகிறேன். வெப்பநிலை 16 முதல் 18 டிகிரிக்குள் இருக்கட்டும். ஹீட்டர் ஓடும் வீட்டில் அலமாரியில் இருந்த பாட்டில் 22, 23 டிகிரியில் இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் மூக்கில் ஏறும், எரிச்சல் கூடும். பரிமாறும் முன் இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மிகவும் குளிர்ந்தாலும் துவர்ப்பு உறைத்துத் தெரியும், அதனால் ஃபிரிட்ஜிலேயே மறந்துவிடக் கூடாது. வயிறு அகன்ற பெரிய கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஊற்றுங்கள். சுழற்றும் முன் ஒருமுறை முகருங்கள், சுழற்றி இன்னொருமுறை முகருங்கள். முதலில் வருவது பெரும்பாலும் புளிப்புச் செர்ரி, ராஸ்பெர்ரி. பின்னால் காய்ந்த ரோஜா இதழ், அதிமதுரம், காய்ந்த மூலிகை. சாலை போடும் தார் மணமும் ரோஜாவும் சேர்ந்து வருவதுதான் நெபியோலோவின் அடையாளம் என்று உலகெங்கும் சொல்வார்கள். வயதாக வயதாகத் தோல், காட்டுத்தரை, காளான், மண்ணுக்கடியில் விளையும் ட்ரஃபிள் காளான் பக்கம் மணம் நகரும். பட்டியலில் உள்ளதெல்லாம் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று அவசியமில்லை. மணத்துக்குச் சொல் கண்டுபிடிப்பது பழக்கத்தால் வருவது, ஆளுக்கு ஆள் நினைவும் வேறு.

வாயில் எடுத்ததும் உடனே விழுங்காதீர்கள். சில நொடி நாக்கு முழுக்கப் பரவவிட்டு, வாயின் ஓரங்களில் எச்சில் ஊறுகிறதா என்று கவனியுங்கள், அது புளிப்பின் வேலை. ஈறும் மேலண்ணமும் இழுக்கின்றனவா, அது டானின். விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் மணம் மிஞ்சுகிறது என்று பாருங்கள். டானினைப் பொறுத்தவரை நான் பார்ப்பது அதன் அளவைவிட அதன் தன்மையை. நல்ல பரோலோவின் டானின் ஏராளமாக இருந்தாலும் பொடிமணலாக, நேர்த்தியாகப் படியும். பச்சையாக, கசப்பாக, தொண்டையில் சொரசொரத்து நின்றால் பழம் சரியாகப் பழுக்கவில்லை அல்லது செய்முறையில் பிழை. நீங்கள் குடித்தது எந்த வகை என்பதை அந்த மிளகாய் வறுவலுக்கு நடுவே யாராலும் சொல்லியிருக்க முடியாது.

காற்றுபட வைப்பதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து சொல்வார்கள். டிகேன்டர் என்ற அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வைத்தால் டானின் மென்மையாகிறது என்பது தொழிலில் பரவலான நம்பிக்கை. சில மணி நேரக் காற்றால் டானினின் கட்டமைப்பே பெரிதாக மாறிவிடும் என்பது சந்தேகத்துக்குரியது. போர்தோவின் புகழ்பெற்ற ஒயின் அறிஞர் எமில் பெய்னோ, வண்டலைப் பிரிக்க மட்டுமே டிகேன்ட் செய்ய வேண்டும், நீண்ட காற்று மணத்தைக் கரைத்துவிடும் என்று வாதிட்டவர். என் அனுபவத்தில் இளம் நெபியோலோவின் இறுகிய மணம் காற்றில் விரிகிறது. மணம் விரியும்போது துவர்ப்பு அதே அளவில் இருந்தாலும் உறுத்துவது குறைகிறது. உங்கள் இரண்டாவது பாட்டிலை மூன்று நான்கு மணி நேரம் முன்பே திறந்து டிகேன்டருக்கு மாற்றலாம். தக்கையை மட்டும் எடுத்துவிட்டு பாட்டிலிலேயே வைத்தால் கழுத்தளவு பரப்பில்தான் காற்றுபடும், பெரிய பயன் இல்லை. இருபது வருடத்துக்கு மேற்பட்ட பழைய பரோலோ என்றால் முன்கூட்டியே ஊற்றி வைக்கத் துணிய மாட்டேன். திறந்து, முகர்ந்து பார்த்து, அப்போது முடிவெடுப்பேன்.

சாப்பாட்டில் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. டானின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். எச்சிலில் வாயை வழுவழுப்பாக வைத்திருக்கும் புரதங்களைப் பிடித்து அது திரளச் செய்துவிடுவதால்தான் வாய் காய்ந்ததாகத் தோன்றுகிறது. கூடவே இறைச்சியோ பாலாடைக்கட்டியோ இருந்தால் டானினில் ஒரு பகுதி அவற்றின் புரதத்தோடு சேர்ந்துகொள்ளும், கொழுப்பு வாய்க்கு மீண்டும் வழுவழுப்பைத் தரும். அந்தக் கொழுப்பை அடுத்த வாய் ஒயினின் புளிப்பு வெட்டிச் சுத்தம் செய்யும். உப்பு கசப்பை மட்டுப்படுத்தும். நாவல்பழத்தில் உப்புத் தொட்டுச் சாப்பிட்டிருந்தால் துவர்ப்பான ஒன்றை உப்பு எப்படி வழிக்குக் கொண்டுவரும் என்று உங்கள் நாக்குக்கே தெரியும். பரோலோவைத் தனியாகக் குடித்து மதிப்பிடுவது அதற்குச் செய்யும் அநீதி. சாப்பாட்டு மேசையில் பாதியாகவும் பாட்டிலில் பாதியாகவும் உருவான ஒயின் அது.

அந்த மேசை உங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறது, எனவே அங்கிருந்தே தொடங்குங்கள். முதலில் பிராசாத்தோ, முழுப்பெயர் பிராசாத்தோ அல் பரோலோ. மாட்டிறைச்சியைப் பெரிய துண்டாகவே வெங்காயம், கேரட், செலரி, கிராம்பு, பட்டையோடு சிவப்பு ஒயினில் ஊறவைத்து, சிறு தீயில் மணிக்கணக்கில் வேகவிடுவார்கள். கரண்டியால் வெட்டும் அளவுக்கு இறைச்சி இளகி, நார்கள் பசையாக உருகி, சாறு பளபளவென்று கெட்டிப்படும். அந்தப் பசைத்தன்மையும் டானினும் சந்திக்கும்போது ஒயினுக்குள்ளிருந்து பழம் வெளியே வரும். சமைக்க பரோலோவே வேண்டும் என்று பெயரில் இருந்தாலும், சட்டியில் சாதாரண லாங்கே நெபியோலோ ஊற்றினால் போதும், நல்ல பாட்டிலைக் கிளாஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பொல்லித்தோ மிஸ்தோ, பல வகை இறைச்சிகளை வேகவைத்துப் பரிமாறுவது. கொழுத்த எருதுச் சந்தைக்குப் பேர்போன கர்ரூ ஊரில் டிசம்பர் குளிரில் இதைச் சாப்பிட வேண்டும். ஆனால் கூட வரும் பச்சைச் சாந்தில் வினிகரும் நெத்திலியும் உண்டு, அதை அளவாகத் தொட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ட்ரஃபிள். ஆல்பாவின் வெள்ளை ட்ரஃபிள் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை கிடைக்கும். மஞ்சள் கரு மிகுதியாகச் சேர்த்து மெல்லிசாக அறுத்த தயரின் நூடுல்ஸை வெண்ணெயில் புரட்டி, மேலே ட்ரஃபிளைச் சீவிப் போடுவார்கள். ஊரே கொண்டாடும் இணை இது. ஆனால் இளம் பரோலோவோடு இதை வைத்தால் ஒயின் ட்ரஃபிளை மிதித்துவிடும் என்பது என் கருத்து. பத்துப் பன்னிரண்டு வருடம் கடந்து, ஒயினிலேயே மண்வாசனை வந்த பிறகுதான் இரண்டும் ஒன்றையொன்று தேடிப்போகும். 2019ஐ இதற்கு இப்போது திறக்காதீர்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்றால், குனேயோ மாவட்ட மலைகளில் ஸ்தூரா பள்ளத்தாக்கின் சம்புக்கானோ ஆட்டுக்குட்டி இறைச்சி கிடைத்தால் வாங்குங்கள். ரோஸ்மேரி, பூண்டு, உப்பு போட்டு ஓவனில் சுட்டால் பரோலோவுக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. சைவமென்றால் பொர்ச்சினி காளானை வெண்ணெயில் வதக்கி பொலெந்தா என்ற மக்காச்சோளக் கூழோடு சாப்பிடலாம். நொக்கி என்ற உருளைக்கிழங்கு மாவு உருண்டைகளின் மேல் அதே மாவட்டத்தின் கஸ்தெல்மாக்னோ சீஸை உருக்கி ஊற்றியும் சாப்பிடலாம். உதிரும் தன்மையும் உப்பும் காரசாரமும் கொண்ட அந்த சீஸ் இந்தத் துவர்ப்புக்கு முன் தளராமல் நிற்கும். பதமாக முதிர்ந்த பார்மிஜானோ சீஸும் நன்றாக இருக்கும், எங்கும் கிடைப்பதும்கூட.

இப்போது அந்த மிளகாய். மிளகாயின் கேப்சைசின் வாயிலுள்ள வெப்ப உணர்வு வாங்கியைத் தூண்டுகிறது. ஆல்கஹால் அதே வாங்கியை இன்னும் எளிதில் தூண்டப்படும் நிலைக்குக் கொண்டுவருகிறது. எரிகிற வாயில் டானினின் இழுப்பும் சேர்ந்தால் மூன்றும் ஒன்றையொன்று பெருக்கும், பழம் காணாமல் போகும். உங்கள் தொண்டை எரிந்ததற்குக் காரணம் இதுதான். கறி வறுவலில் தவறில்லை, பாட்டிலிலும் தவறில்லை, சேர்க்கைதான் பொருந்தவில்லை. நம் சமையலோடுதான் குடிக்க வேண்டும் என்றால் மிளகாயை முழுக்க விட்டு, மிளகை மிகக் குறைத்து, முந்திரியும் தேங்காய்ப்பாலும் அரைத்துவிட்ட மட்டன் குருமா செய்யுங்கள். பட்டை, கிராம்பு, சோம்பு, ஜாதிபத்திரி எல்லாம் நெபியோலோவின் மணத்துக்கு உறவுதான். புளி வேண்டாம், கருவேப்பிலையைத் தாராளமாகத் தாளிக்கலாம். காரம் குறையவே கூடாது என்றால் அன்றைக்கு பரோலோவை எடுக்காதீர்கள். அதே குன்றுகளில் விளையும் பார்பேரா என்ற வேறொரு திராட்சையின் சிவப்பு ஒயினை எடுங்கள். டானின் குறைவு, பழமும் புளிப்பும் அதிகம், லேசாகக் குளிரவைத்தால் காரத்தோடு ஓரளவு சமாளிக்கும், விலையும் பல மடங்கு குறைவு.

மீனோடு வேண்டாம் என்பதற்கும் ஆதாரம் உண்டு. சிவப்பு ஒயினிலுள்ள இரும்புதான் கடலுணவோடு சேரும்போது மீன் கவிச்சியைக் கிளப்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். இனிப்போடும் வேண்டாம், சர்க்கரைக்கு முன் பரோலோ வெறும் புளிப்பும் கசப்புமாகத் தெரியும். சாக்லேட்டோடு நன்றாக இருக்கும் என்று யாராவது சொன்னால், அவர்கள் சொல்வது பரோலோ கினாத்தோவாக இருக்கலாம். சிங்கோனாப் பட்டையும் மசாலாக்களும் சர்க்கரையும் சேர்த்த தனி வகை அது, கறுப்பு சாக்லேட்டுக்கு உண்மையிலேயே பிரமாதமான துணை.

லேபிளைப் பார்த்து ஊர்க்கணக்குச் சொல்பவர்களும் வருவார்கள். மேற்கே லா மோர்ரா, பரோலோ ஊர்களின் ஒயின் மணமும் மென்மையும் கொண்டது, கிழக்கே செர்ரலுங்கா, மொன்ஃபோர்த்தே இறுக்கமானது, அதற்கு மண்ணின் வயது காரணம் என்பார்கள். பொதுப்போக்காக இதில் உண்மை இருக்கிறது, நானும் அதை நம்பித்தான் பாட்டில் தேர்ந்தெடுக்கிறேன். ஆனால் செய்பவரின் கை, சரிவின் திசை, ஆண்டின் வெயில் மூன்றும் அந்தக் கணக்கைக் கவிழ்த்துவிடும். ஊர்ப்பெயரை மட்டும் வைத்து நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

இரண்டாவது பாட்டிலை 2029 வாக்கில் திறக்கலாம் என்பது என் யோசனை. அதுவரை வெளிச்சம் படாத, சூடு ஏறி இறங்காத இடத்தில் படுக்கவைத்திருங்கள், 12 முதல் 15 டிகிரி இருந்தால் நல்லது. சமையலறை அலமாரியும் ஹீட்டர் பக்கமும் கூடவே கூடாது. துரினின் பழைய கட்டடங்களில் நிலவறை இருக்கும், உங்கள் குடியிருப்பில் உங்களுக்கென்று ஓர் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். அவ்வளவு வருடம் காக்கப் பொறுமை இல்லையென்றால், இந்தக் குளிர்காலத்திலேயே பிராசாத்தோவோ சுட்ட ஆட்டுக்குட்டியோ செய்து, மதியமே டிகேன்டரில் ஊற்றிவைத்து இரவில் குடியுங்கள். மிஞ்சினால் தக்கையை மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் பாருங்கள், இளம் நெபியோலோ பல சமயம் இரண்டாம் நாளில்தான் பேச ஆரம்பிக்கும். லேபிளில் செய்தவர் பெயரும், பரோலோ என்பதற்குக் கீழே திராட்சைத் தோட்டத்தின் பெயர் ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். அதை வைத்து எத்தனை வருடம் காக்கலாம் என்று இன்னும் நெருக்கமாகச் சொல்ல முடியும்.